ஏசி வாங்குறதுக்கு முன்னாடி மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்க

சித்தி பையன் காட்பாடி பக்கம் வீடு கட்டுறான். போன வாரம் எஸ்டிமேட்டை வாட்ஸ்அப்ல அனுப்பி, "அக்கா, ஒரு தடவை பாத்துச் சொல்லேன்"னான்.

பாத்தேன். மாடியில ரெண்டு பெட்ரூம், ஒரு ஹால். மூணுக்கும் ஏசி பாயிண்ட். வேலூர் வெயில்ல இதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது. அப்படியே கீழ வந்தா மொட்டை மாடிக்குன்னு ஒரே ஒரு வரி.

"அடர் சிவப்பு டைல்ஸ்."

எனக்குக் கோபம் வந்துடுச்சு. (அவன் மேல இல்ல, அந்த வரி மேல.) மேல அடர் கலர்ல டைல்ஸ் பதிச்சு வெயிலை உள்ள வாங்க வேண்டியது. அப்புறம் அதே வெயிலை வெளிய தள்ள மூணு மெஷின் மாட்ட வேண்டியது. ரெண்டுக்கும் காசு கட்டப் போறது அவன்தான்.

அன்னிக்கு போன்ல அவன்கிட்ட பேசினதை இன்னும் கொஞ்சம் விளக்கமா இங்க எழுதிடுறேன். கத்திரி வர்றதுக்குள்ள யாருக்காவது உதவும்.

மொதல்ல ஒரு கணக்கு.

வானம் தெளிவா இருக்குற உச்சி வெயில்ல, ஒரு சதுர மீட்டர் இடத்துல சுமார் 1000 வாட் வெயில் விழுது. 600 சதுர அடி மொட்டை மாடின்னா கிட்டத்தட்ட 55 சதுர மீட்டர். அப்போ 55,000 வாட். வீட்டுல இருக்குற இஸ்திரிப் பெட்டி 1000 வாட்னு வெச்சுக்குங்க. 55 இஸ்திரிப் பெட்டிய ஆன் பண்ணி தளத்து மேல வரிசையா வெச்ச மாதிரி. அதுக்குக் கீழ கட்டில் போட்டுப் படுத்திருக்கோம்.

இதுல எவ்வளவு தளத்துக்குள்ள இறங்கும்ங்கறது மேல இருக்குற பூச்சோட கையிலதான் இருக்கு. பழைய சாம்பல் கலர் கான்கிரீட் 30 சதவீதம் போல திருப்பி அனுப்பும், மீதி 70ஐயும் வாங்கி வெச்சுக்கும். புதுசா அடிச்ச நல்ல வெள்ளைப் பூச்சு 80 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிடும். உள்ள வாங்குறது 20 தான்.

70க்கும் 20க்கும் நடுவுல இருக்குறதுதான் நம்ம ராத்திரித் தூக்கம்.

ஏன் ராத்திரின்னு கேக்கலாம். நம்ம தளம் அஞ்சு இஞ்சு கான்கிரீட், அதுக்கு மேல வெயில், மழையைத் தாங்குற வெதரிங் கோர்ஸ். மத்தியானம் வாங்கின சூடு மெதுவாத்தான் கீழ இறங்கும், சில மணி நேரம் ஆகும். வெளிய காத்து குளிர்ந்த பிறகும், ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கும். தளம் மேல இருந்து அனலை வீசிக்கிட்டே இருக்கு. எல்லாரும் "ஃபேன்ல அனல் காத்துதான் வருது"ன்னு ஃபேனைத் திட்டுறாங்க. சீலிங்கை ஒட்டி நிக்குற சூட்டுக் காத்தைத்தான் அது இழுத்துக் கீழ தள்ளுது. ஃபேன் மேல தப்பே இல்ல.

எங்க வீட்டுல நாங்க இருக்குறது மாடி போர்ஷன். மேல வேற வீடு கிடையாது, நேரா வானம்தான். அப்பா காலத்துல போட்ட தளம், மேல தட்டோடு பதிச்சது. செங்கல் கலர் மங்கி, பாசி காஞ்சு கறுத்துப் போயிருந்துச்சு. வெள்ளை அடிக்கலாம்னு சொன்னதும் வீட்டுல யாரும் நம்பல. "சுண்ணாம்பு அடிச்சா வெயில் குறைஞ்சிடுமா?"ன்னு அம்மா.

சரின்னு பாதி மாடிக்கு மட்டும் அடிச்சேன். கீழ முன் ரூமுக்கு மேல வெள்ளை. பின் ரூமுக்கு மேல பழைய தட்டோடு அப்படியே. ரெண்டும் ஒரே சைஸ் ரூம், ஒரே மாதிரி ஜன்னல்.

கொரோனா சமயத்துல வாங்குன காய்ச்சல் பாக்குற துப்பாக்கி இதுக்கு ஆகாது, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும். மெக்கானிக் கடையில வெச்சிருக்குற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ஒரு நண்பர்கிட்ட கடன் வாங்கினேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல ஏறினா, தட்டோடு பக்கம் அறுபதைத் தாண்டிக் காட்டுச்சு. ஒரு அடி தள்ளி வெள்ளைப் பக்கம் நாற்பத்தஞ்சைத் தொடல. செருப்பைக் கழட்டிட்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வெச்சா, கருவியே தேவையில்ல. வெள்ளைப் பக்கம் நிக்கலாம். அந்தப் பக்கம் காலை வெச்ச வேகத்துல எடுத்துடுவீங்க.

அம்மாவுக்கு இந்த நம்பர் எல்லாம் எதுவுமே ஒட்டல. சாயங்காலம் ஆறு மணிக்கு ரெண்டு ரூமுலயும் போய் உக்காந்து பாத்தாங்க. அப்புறம் தலகாணியை எடுத்துக்கிட்டு முன் ரூமுக்கு வந்துட்டாங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை மீதிப் பாதிக்கும் அடிச்சாச்சு.

சுண்ணாம்பு எப்படி அடிக்கணும்னு நிறைய பேர் கேக்குறீங்க. சொல்றேன்.

கல் சுண்ணாம்பும் சரி, கிளிஞ்சல் சுண்ணாம்பும் சரி, தண்ணி ஊத்தினதும் கொதிக்கும். லேசான பிளாஸ்டிக் பக்கெட்ல ஊத்தாதீங்க, இளகிடும். இரும்பு டிரம்மோ சிமெண்ட் தொட்டியோ நல்லது. குழந்தைங்க கிட்ட வரக் கூடாது. கண்ணுல தெறிச்சா பார்வைக்கே ஆபத்து, அதனால கண்ணாடி போடாம அந்தப் பக்கமே போகாதீங்க. ராத்திரி முழுக்க ஊற விட்டு, மறுநாள் பழைய வேட்டியில வடிகட்டிக்கணும். ஒட்டுறதுக்குக் கொஞ்சம் ஃபெவிக்கால் கலக்குறது எங்க மேஸ்திரி வழக்கம். நானும் கலந்தேன், கையில வெள்ளை ஒட்டுறது குறைஞ்சுச்சு.

முக்கியமான விஷயம், காய வெச்ச தளத்துல அடிக்கக் கூடாது. முதல்ல மாடிய நல்லா கூட்டி, பாசியைத் தேய்ச்சு எடுத்து, தண்ணி தெளிச்சு ஈரம் பண்ணணும். அடிக்கிறது காலையில சீக்கிரம், இல்லாட்டி சாயங்காலம். சுண்ணாம்பு சும்மா காஞ்சு இறுகுறது இல்ல. காத்துல இருக்குற கார்பன் டை ஆக்சைடை மெதுவா இழுத்துக்கிட்டு திரும்பவும் சுண்ணாம்புக் கல்லா மாறுது. அதுக்கு ஈரமும் நேரமும் வேணும். உச்சி வெயில்ல சுடுற தளத்துல அடிச்சா, அரை மணியில காஞ்சு மாவா உதிரும். அப்புறம் "சுண்ணாம்பு நிக்காது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவாங்க.

கெட்டியா ஒரு கோட் அடிக்காம, தண்ணியா ரெண்டு மூணு கோட் அடிங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில பெரும்பாலும் போயிடும். தை, மாசியில திரும்ப அடிக்கணும். வருஷா வருஷம் வேலைதான், ஆனா செலவு சொற்பம். இன்னொண்ணு, இங்க மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆயிடுச்சு. உங்க மாடித் தண்ணி தொட்டிக்கோ கிணத்துக்கோ போகுதுன்னா, முதல் மழையை வெளிய விட்டுடுங்க.

வருஷா வருஷம் மல்லுக்கட்ட முடியாதுங்கறவங்களுக்குத்தான் கூல் ரூஃப் பெயிண்ட். ரப்பர் மாதிரி இழுபடுற வெள்ளை அக்ரிலிக் கோட்டிங். இதுல கடைக்காரர் வெள்ளையா இருக்குற எதையும் எடுத்து நீட்டுவார். வீட்டுக்குள்ள அடிக்கிற எமல்ஷனை மாடியில அடிச்சா ஒரு மழையில தோல் உரியும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்க. எஸ்.ஆர்.ஐ.ன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க. அளவுக்குன்னு வெச்சிருக்குற ஒரு கறுப்புக்கு 0, ஒரு வெள்ளைக்கு 100, அந்த அளவுகோல்ல இந்தப் பூச்சு எங்க நிக்குதுன்னு சொல்ற நம்பர் அது. 100ஐத் தாண்டியும் போகும். ஆனா அதுக்குள்ள ரெண்டு விஷயம் கலந்திருக்கு. ஒண்ணு, வெயிலை எவ்வளவு திருப்பி அனுப்புதுங்கறது. இன்னொண்ணு எமிட்டன்ஸ், அதாவது வாங்கின சூட்டை எவ்வளவு சுலபமா வெளிய விடுதுங்கறது. ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. பெரிய கட்டடங்களுக்கான நம்ம நாட்டு எரிசக்தி சிக்கன விதி (2017ல வந்தது) 20 டிகிரிக்குக் குறைவான சரிவு இருக்குற கூரைக்கு முதலாவது 0.60, ரெண்டாவது 0.90 இருக்கணும்னு சொல்லுது. வீட்டுக்கு அது சட்டம் இல்ல, ஆனா கடையில நிக்கும்போது கைவசம் ஒரு அளவு இருக்கும்.

கூடவே ஒரு கேள்வி: மூணு வருஷம் கழிச்சு எவ்வளவு? அமெரிக்காவுல கூரைப் பொருளுக்கு மதிப்பெண் போடுற அமைப்பு ஒண்ணு இருக்கு. சாம்பிளை மூணு வருஷம் வெயில் மழையில போட்டு வெச்சு திரும்ப அளக்குது. ஏன்னா 80ல ஆரம்பிக்கிற வெள்ளை, தூசி படிஞ்சு படிஞ்சு 60, 65க்கு இறங்கிடும். நம்ம ஊர் புழுதிக்கு சொல்லவே வேண்டாம். மாசத்துக்கு ஒரு தடவை மாடிய விளக்குமாத்தால கூட்டி, பாசி பிடிச்ச மூலையைத் தேய்ச்சு விட்டா நஷ்டத்துல ஒரு பகுதி திரும்பி வந்துடும். கழுவத்தான் வேணும்னு இல்ல.

பெயிண்ட் அடிக்கும் முன்னாடி இன்னொண்ணையும் பாக்கணும். வாட்டம்! மாடியில தண்ணி தேங்குற இடம் இருந்தா அங்க எந்தக் கோட்டிங்கும் நிக்காது, கொப்புளிச்சுக்கிட்டு வரும். ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தி விட்டுப் பாருங்க, குழாய்க்கு ஓடாம குளம் கட்டுதுன்னா மொதல்ல அதை மேஸ்திரியை வெச்சு சரி பண்ணுங்க. விரிசல், ஓதம் இருந்தா அதையும். கசியுற தளத்துக்கு மேல வெள்ளை அடிச்சா, வியாதியை மூடி மறைச்ச கதைதான்.

புதுசா கட்டுறவங்களுக்கு என் ஓட்டு டைல்ஸுக்கு. வெள்ளை கூல் டைல்ஸ், இல்லன்னா சைனா மொசைக். உடைஞ்ச வெள்ளை பீங்கான் ஓட்டைச் சில்லு சில்லா பதிச்சு, இடுக்குல வெள்ளை சிமெண்ட் அடைக்கிறது. பழைய சினிமா தியேட்டர் மாடியில, பழைய ஆஸ்பத்திரி மாடியில பாத்திருப்பீங்க. பதிக்கிற கூலி அதிகம்தான். ஆனா ஒரு தடவை ஒழுங்கா பதிச்சா பல வருஷத்துக்கு நிக்கும், கூட்டினா வெள்ளை அப்படியே திரும்பி வரும். மழையில வழுக்கும், அதனால பளபள டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பா இருக்குறதா பாத்து வாங்குங்க.

இப்போ ஷீட்டு போட்ட வீடுங்க. என்னைக் கேட்டா, இந்த விஷயம் அதிகமா தேவைப்படுறது இங்கதான். ஏசிக்கு வழியே இல்லாத வீடுங்க இதுங்கதான்.

தகர ஷீட்டு பளபளன்னுதானே இருக்கு, வெயிலைத் திருப்பி அனுப்பாதான்னு தோணும். அனுப்பும், ஓரளவுக்கு. ஆனா பூச்சு இல்லாத உலோகத்துக்கு அந்த ரெண்டாவது குணம், எமிட்டன்ஸ், ரொம்பக் கம்மி. வாங்கின கொஞ்சச் சூட்டையும் வெளிய விடாம பிடிச்சு வெச்சுக்கும், அதான் கை வெக்க முடியாம கொதிக்குது. (இன்ஃப்ராரெட் கருவிய பளபள தகரத்து மேல காட்டினா தப்பா குறைச்சுக் காட்டும், அதுக்கும் காரணம் இதேதான். நம்பிடாதீங்க.) இதே காரணத்தாலதான் சில்வர் பெயிண்டைவிட சாதா வெள்ளைப் பெயிண்ட் மேல். கண்ணுக்கு வெள்ளி மின்னும், வேலைக்கு வெள்ளைதான்.

எங்க தெரு முனையில பூ கட்டுற அக்கா வீடு சிமெண்ட் ஷீட்டு, ஆஸ்பெஸ்டாஸ். போன வருஷம் அதுக்கும் வெள்ளை அடிச்சோம். ஷீட்டு மெலிசு, மேல வெயில் விழுந்த கொஞ்ச நேரத்துல கீழ அனல் இறங்கிடும். அதே மாதிரி, அடிச்ச அன்னிக்கே வித்தியாசமும் தெரியும், கான்கிரீட் மாதிரி ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். மத்தியானம் வேப்ப மரத்தடிக்கு எடுத்துட்டுப் போற பூக்கூடையை, வீட்டுக்குள்ளயே வெச்சு கட்டுறாங்க இப்போ. "பூ வாடலம்மா"ன்னு அக்கா சொன்னதைக் கேக்கும்போது எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

ஆனா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உலர வெச்சு தேய்க்காதீங்க, உப்புத்தாள் போடவே போடாதீங்க. அதுல இருந்து கிளம்புற நார் நுரையீரலுக்கு விஷம். தண்ணிய நல்லா தெளிச்சு ஈரமா வெச்சு, மெதுவா துடைச்சுட்டு அடிக்கணும். ஷீட்டு மேல நேரா கால் வெச்சா உடையும். பலகை போட்டு, கீழ கட்டை எங்க போகுதுன்னு பாத்து, அது மேலதான் ஏறணும். தனியா ஏறவே கூடாது.

"மாடியில தண்ணி ஊத்தினா போதாதா?"ன்னு ஒரு கேள்வி எப்பவும் வரும். ஆவியாகுற தண்ணி சூட்டை எடுத்துக்கிட்டுத்தான் போகும், உண்மை. ஆனா மே மாசத்துல லாரித் தண்ணி வாங்கிட்டு அதை மாடியில ஊத்த எனக்கு மனசு வரல. தினம் தினம் ஊத்தணும் வேற. சுட்ட தளத்துல திடீர்னு தண்ணி பட்டா விரிசல் வேற பெருசாகும்.

தென்னங்கீத்துப் பந்தல் அருமையான விஷயம், நிழலும் ஆச்சு, கீழ காத்தும் ஓடும். நெருப்புக்கும் எலிக்கும் பயந்துதான் விட்டுட்டாங்க. சோலார் பேனல் போடுற யோசனை இருந்தா, அதுவும் தளத்துக்கு நிழல்தான், கரண்ட்டோட சேர்த்துக் கிடைக்குற லாபம். பேனலுக்கு நடுவுல இருக்குற இடத்துக்கு வெள்ளை அடிச்சுடுங்க.

நம்ம பழைய ஆளுங்க இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு பாக்கணும்னா ஒரு மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குள்ள போய் நில்லுங்க. தேக்கு உத்தரம், அதுக்கு மேல சின்னச் செங்கல்லைச் சாய்வா நிறுத்தி சுண்ணாம்புச் சாந்துல கட்டுவாங்க. மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் விட்டு, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்கா அடிச்சு இறுக்குவாங்க. கடைசியா தட்டோடு. அந்தக் கனமும், உசரமான கூரையும், மேல போற காத்துக்கு ஒரு வழியும் சேர்ந்து வீட்டைக் காப்பாத்துச்சு. இன்னிக்கு நம்ம தளம் மெலிசு, கூரை தாழ்வு, வெதரிங் கோர்ஸையும் மிச்சம் பிடிக்கப் பாக்குறாங்க. அந்தக் கனத்துல போனதை வெள்ளையில கொஞ்சமாவது மீட்கலாம்ங்கறது என் கட்சி. கையில காசு இருந்தா வெதரிங் கோர்ஸுக்குக் கீழ இன்சுலேஷன் போர்டும் போடுங்க, ரெண்டும் சேர்ந்தா இன்னும் நல்லது. ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா வெள்ளை.

மத்த ஊர்க்காரங்க இதைப் பெருசா எடுத்துக்கிட்டாங்க. 2010 மே மாசம் வந்த வெப்ப அலையில அகமதாபாத்ல சாவு எண்ணிக்கை எகிறுச்சு. 2013ல வெப்பத்துக்குன்னே செயல்திட்டம் போட்டாங்க. அப்புறம் குடிசைப் பகுதி கூரைங்களுக்கு சுண்ணாம்பு அடிக்கிற வேலையும் அதோட சேர்ந்துச்சு. தெலங்கானா 2023 ஏப்ரல்ல கூல் ரூஃப்புக்குன்னு தனிக் கொள்கையே கொண்டு வந்துச்சு. 2028க்குள்ள 300 சதுர கிலோமீட்டர் கூரைங்கறது இலக்கு. நம்ம வீடு கட்டுற அனுமதிக்குப் போற பிளான்லயும் மொட்டை மாடி என்ன கலர்னு ஒரு கேள்வி வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்!

சித்தி பையன்கிட்ட வருவோம். அவனுக்கு மூணு ஆட்சேபணை.

"கண்ணு கூசும்க்கா." கூசும். மத்தியானம் துணி காயப் போடப் போனா கண்ணைச் சுருக்கத்தான் வேணும். பக்கத்துல உன் மாடியைவிட உசரமான வீடு இருந்தா, அவங்க ஜன்னலுக்கு வெளிச்சம் அடிக்கும், அதை யோசிக்கணும். அந்தப் பக்கம் மட்டும் லேசா கலர் மாத்திக்கலாம்.

"அழுக்காகும்க்கா." ஆகும், கூட்டு. அழுக்கான வெள்ளைகூட அடர் சிவப்பைவிட மேல்.

"சிவப்புதான் எனக்குப் பிடிச்சிருக்கு." இதுக்கும் வழி இருக்கு. வெயிலோட சக்தியில பாதிக்கு மேல கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர். கண்ணுக்குச் சிவப்பா தெரிஞ்சுக்கிட்டே அந்தக் கதிரைத் திருப்பி அனுப்புற நிறமிங்க வந்திருக்கு. வெள்ளை அளவுக்கு வராது, சாதா சிவப்பைவிட நல்லது. சரிவா ஓடு போட்ட வீட்டுக்கு, தெருவுல இருந்து கூரை தெரியுற வீட்டுக்கு அது சரி. மொட்டை மாடியோட கலரை யார் பாக்கப் போறா? காக்காயும் தண்ணி டேங்க் கழுவ வர்றவரும்தான்.

கடைசியில டைல்ஸ் வரியை வெள்ளைன்னு மாத்திட்டான். ஏசி பாயிண்ட் மூணும் அப்படியே இருக்கட்டும்னுட்டான். இருக்கட்டும். வெள்ளை அடிச்சா ஏசி தேவையே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். மேற்குச் சுவர் வழியாவும் ஜன்னல் வழியாவும் வர்ற வெயிலுக்கு கூரை பதில் சொல்லாது. ஏசி ஓடுற நேரமும், அது திணறுறதும் குறையும். கீழ் வீட்டுக்காரங்களுக்கு இதனால பெருசா எதுவும் தெரியாது, கடைசி மாடிக்குத்தான் பலன்.

வாடகை வீட்டுல கடைசி மாடியில இருக்கீங்களா? ஓனர்கிட்ட கேளுங்க. தளத்துக்குச் சூடு குறைஞ்சா விரிவதும் சுருங்குவதும் குறையும், விரிசல் விடுறதும் குறையும், அது அவருக்கு லாபம்னு சொல்லுங்க. பெயிண்டுக்கு ஒத்துக்கலன்னா சுண்ணாம்புக்கு அனுமதி வாங்குங்க. சுண்ணாம்பு அவரோடது, ஆள் கூலி உங்களோடதுன்னு பேசினா பெரும்பாலும் படியும். மாசிக்குள்ள பேசிடுங்க, பங்குனி பிறந்துட்டா அடிக்கிற ஆளுங்க கிடைக்க மாட்டாங்க.